வெள்ளிப் பன்றியின் கூலி: எபிதாரஸ் நற்சான்றுகள் யாருக்காக?

பண்டைக் கிரேக்கத்தின் எபிதாரஸில், மருத்துவத் தெய்வமான அஸ்கிலேபியஸின் கோயிலில் கிடைத்த, நோய் தீர்ந்த கதைகளைச் சொல்லும் கல்வெட்டுகளைக் கோயிலார் செய்த விளம்பரம் என்று படிப்பது பழகிப்போன வழி. நோயாளியின் பெயர், ஊர், நோய், கனவு, குணம் என்று கதைக்குக் கதை அதே வாய்ப்பாடு. இன்றைய மருத்துவமனைகள் அச்சிடும் நோயாளி நற்சான்றுகளும் ஏறக்குறைய இப்படித்தான். ஆனால் இந்த ஒப்புமைக்குக் கல் நின்ற இடம் ஒத்துவரவில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ் எஞ்சியிருந்த ஆறு கற்களைக் கண்டது வளாகத்துக்குள்ளே. அங்கே நின்று படிப்பவர் ஏற்கெனவே வந்து சேர்ந்தவர். அவரை எதற்கு அழைக்க வேண்டும்?

விடை முதற்கல்லின் நான்காம் கதையில் இருப்பதாக எண்ணுகிறேன். ஏதென்ஸிலிருந்து வந்த அம்ப்ரோசியாவுக்கு ஒரு கண்ணில் பார்வையில்லை. வளாகத்தைச் சுற்றிவரும்போது, முடவரும் குருடரும் கனவு கண்டே குணமானார்களாம் என்று சிரிக்கிறாள். அன்றிரவு கனவில் தெய்வம் தோன்றி, குணமாக்குகிறேன், கூலியாக வெள்ளிப் பன்றி ஒன்றை வைக்க வேண்டும், அது உன் அறியாமைக்கு நினைவாக இருக்கட்டும் என்கிறது. பிறகு கண்ணைக் கீறி மருந்து ஊற்றுகிறது. விடியலில் அவள் நலமாக வெளியேறுகிறாள்.

இதை 'நம்பாதவளும் நம்பினாள்' என்ற பிரசாரமாகச் சுருக்குவோர் காணிக்கையைக் கவனிப்பதில்லை. கண் குணமானவளிடம் கண்மலர் கேட்டிருக்கலாமே? கேட்டது பன்றி. அதைக் குறிக்கும் சொல்லும் கவனத்துக்குரியது. பிற கதைகளில் குணத்துக்கான காணிக்கை 'இயாத்ரா'; இங்கே 'மிஸ்தோஸ்', வேலைக்குக் கொடுக்கும் கூலி. கல்வெட்டின் எல்லாக் கதைகளிலும் இந்த வேறுபாடு சீராக இருக்கிறது என்று வாதிட மாட்டேன். சில கற்கள் மிகவும் சிதைந்தவை. ஆயினும் இந்த இடத்தில் அது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. சிரித்ததற்கான தண்டத்தைக் கூலிக்கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்.

மூன்றாம் கதை இதற்குத் துணை நிற்கிறது. விரல்கள் முடங்கிய ஒருவன் இந்தப் பலகைகளைப் படித்தே ஏளனம் செய்கிறான். குணமடைகிறான், ஆனால் இனி உன் பெயர் 'நம்பாதவன்' என்கிறது தெய்வம். நற்சான்றை எப்படிப் படிக்க வேண்டும் என்று நற்சான்றே கற்றுத்தருகிறது. அன்றிரவு குணமளிக்கும் கனவை வேண்டிக் கோயிலின் துயில்கூடத்தில் படுக்கப்போகிறவனுக்கான பாடம் இது.

கதைகள் வாய்வழியே ஊர் ஊராகப் பரவி ஆள் சேர்த்திருக்கும் என்பர். இருக்கட்டும், அதற்குக் கல் தேவையில்லை. படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்ற கேள்வியும் என்னைத் தடுக்கவில்லை. ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்கலாம்.

தாசோஸ் தீவின் ஹெர்மோன் கதையை மட்டும் விளம்பரவாதிகளால் விழுங்க முடிவதில்லை. குருடனாக வந்தவன் பார்வை பெற்றான், காணிக்கை செலுத்தாமல் போனான். தெய்வம் அவனை மீண்டும் குருடாக்கியது. திரும்பி வந்து மறுபடி படுத்த பிறகே கண் கிடைத்தது. வெளியூரில் ஆள் பிடிக்க எவரும் இக்கதையைச் சொல்லமாட்டார்கள். உள்ளே வந்தவனிடம், அவன் ஊர் திரும்புமுன், இதைச் சொல்லியாக வேண்டும்.