விழித்திரை ஆர்கனாய்டுகளும் கணினி உயிரியலும்

விழித்திரை ஆர்கனாய்டு என்பது பல வகைச் செல்களாக மாறக்கூடிய குருத்தணுக்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மிகச் சிறிய விழித்திரைத் திசு. பரம்பரைப் பார்வையிழப்பு நோய்களை ஆராய இது பயன்படுகிறது. அதன் ஒவ்வொரு செல்லிலும் எந்தெந்த ஜீன்கள் இயங்குகின்றன என்பதைக் கணித முறைகளால் படித்தறிவது கணினி உயிரியலின் பணி. ஆர்கனாய்டுக்கான தேவை எழுந்த காரணம் எளியது. உயிரோடிருப்பவரின் விழித்திரையைச் சோதனைக்காக வெட்டியெடுக்க முடியாது. எடுத்த இடத்தில் பார்வை போய்விடும், மீண்டும் வளராது. எலியைக் கொண்டு ஓரளவு அறியலாம். ஆனால் எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் நமக்கு உதவும் மாக்குலா என்ற விழித்திரை மையப் பகுதி எலிக்குக் கிடையாது.

2006இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஷின்யா யமனாகா, எலியின் தோல் செல்களை நான்கு ஜீன்களின் உதவியால் குருத்தணு நிலைக்குத் திருப்பினார். மறு ஆண்டே மனிதச் செல்களிலும் அது கைகூடியது. நோயாளியின் மரபணுக்களை அப்படியே தாங்கிய குருத்தணுக்களை அவருடைய தோலிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ பெற இதனால் வழி பிறந்தது. ஜப்பானின் கோபே நகரிலுள்ள ரிக்கென் ஆய்வகத்தில் யோஷிகி சசாய் குழு 2011இல் கண்டது அதைவிட வியப்பானது. உகந்த ஊடகத்தில் விடப்பட்ட எலிக் கருவின் குருத்தணுக்கள், யாரும் வடிவம் கொடுக்காமலேயே உள்மடிந்து, விழித்திரையின் முன்வடிவமான கண்கிண்ணமாயின. 2012இல் மனிதக் குருத்தணுக்களும் அவ்வாறே மடிந்தன.

ஆய்வகத்திலும் மனித விழித்திரை அவசரப்படுவதில்லை. ஒளியுணர் செல்கள் முதிர ஏழெட்டு மாதங்கள் ஆகின்றன. அத்தனை காலம் வளர்த்தபின் கிடைத்திருப்பது உண்மையில் விழித்திரைதானா? நுண்ணோக்கி இதற்கு முழுமையான விடை தராது; ஒவ்வொரு செல்லின் ஜீன் இயக்கத்தையும் அளக்க வேண்டும். 2015இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட டிராப்-செக் முறையில், எண்ணெயில் மிதக்கும் நுண்துளிகளுக்குள் செல்கள் ஒவ்வொன்றாகப் பிடிக்கப்பட்டு, ஜீன் இயக்கத்தைக் காட்டும் அவற்றின் ஆர்.என்.ஏ.க்களுக்குத் தனி அடையாளக் குறியீடு இடப்படுகிறது. முதல் ஆய்விலேயே எலி விழித்திரையின் 44,808 செல்களை அளந்து, அவற்றை 39 குழுக்களாக அவர்கள் பிரித்தனர். இப்படிக் கிடைக்கும், பல்லாயிரம் ஜீன்களும் பல்லாயிரம் செல்களும் கொண்ட எண் அட்டவணையில் பெரும்பாலான கட்டங்கள் பூஜ்யமே. அதில் ஒத்த செல்களை ஒன்றுசேர்த்து, இது கோல் செல், இது கூம்பு செல், இது முல்லர் செல் என்று பெயரிடுவது கணினியின் வேலை.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் போட்டோண்ட் ரோஸ்கா தலைமையிலான குழு 2020இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அளவுகோலாகவே ஆகிவிட்டது. இறந்தோர் தானமளித்த கண்களையும் ஆர்கனாய்டுகளையும் ஒப்பிட்டு, மொத்தம் 285,441 செல்களை அவர்கள் ஆராய்ந்தனர். ஆர்கனாய்டு கருவிலுள்ள விழித்திரையின் வேகத்திலேயே வளர்கிறது என்றும், முதிரும்போது வளர்ந்த மனிதரின் விழித்திரை விளிம்புப் பகுதியை நெருங்குகிறது என்றும் தெரியவந்தது.

எச்சரிக்கை மிக மிக வேண்டிய இடம் ஒப்பீடுதான். நோயாளியின் ஆர்கனாய்டு சற்றுப் பின்தங்கி வளர்ந்திருந்தால், வெறும் வயது வேறுபாடே நோயின் அடையாளம்போலத் தோன்றிவிடும். ஆகவே செல்களை முதிர்ச்சி வரிசையில் அடுக்கி, ஒரே முதிர்ச்சி நிலையில் உள்ளவற்றை மட்டுமே ஒப்பிட வேண்டும். வெவ்வேறு நாளில், வெவ்வேறு கரைசலில் செய்த அளவீடுகளுக்கிடையே எழும் செயற்கை வேறுபாட்டையும் களைய வேண்டும். அளவுமீறிக் களைந்தால் உண்மையான நோய்க்குறியும் அதனுடன் போய்விடும். இவற்றைவிட அடிப்படையானது ஒன்று உண்டு: ஒருவரின் ஆர்கனாய்டிலிருந்து பத்தாயிரம் செல்களை அளந்தாலும் அது ஒரே மனிதரைப் பற்றிய சான்றுதான். நோயாளியின் குருத்தணுவில் பிழையான டி.என்.ஏ. எழுத்தை மட்டும் கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்த முறையால் திருத்தி, திருத்தியதையும் திருத்தாததையும் அருகருகே வளர்ப்பதே நம்பத்தக்க வழி.

லீபர் பிறவிக் குருடு என்னும் நோயின் ஒரு வகை இம்முறையின் பயனை நன்கு விளக்குகிறது. சிஇபி290 ஜீனில் அதற்குக் காரணமான பிழை, புரதக் குறியீடு இல்லாத இன்ட்ரான் பகுதிக்குள் 1,655 எழுத்துகள் தள்ளி ஒளிந்திருக்கிறது. குறியீட்டுப் பகுதிகளை மட்டும் வாசிக்கும் மரபணுச் சோதனையில் அது அகப்படாது. இத்தகைய ஆழ்ந்த பிழைகள் ஆர்.என்.ஏ. வெட்டியொட்டலை, அதாவது இன்ட்ரான்களை நீக்கி மீதியை இணைக்கும் வேலையை, குலைக்குமா என்று முன்கணிக்க, 2019இல் வெளியான ஸ்பிளைஸ்ஏஐ போன்ற ஆழ்கற்றல் மென்பொருள்கள் உதவுகின்றன. இதே பிழையைச் சுமக்கும் பிற செல்கள் ஓரளவு தப்ப, கண் மட்டும் ஏன் பாழாகிறது? இலண்டன் ஆய்வாளர்கள் 2016இல் நோயாளியின் குருத்தணுக்களிலிருந்து ஆர்கனாய்டு வளர்த்துப் பார்த்தனர். தவறான வெட்டியொட்டல் தோல் செல்லைவிட அங்கு அதிகமாக நிகழ்வது தெரிந்தது. இப்பிழையை மறைக்க உருவான செபோஃபார்சென் என்ற மருந்து, 2022இல் பெரிய மருத்துவப் பரிசோதனையில் தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. ஆர்கனாய்டில் கிடைக்கும் வெற்றிக்கும் நோயாளியின் கண்ணுக்கும் இடையே இன்னும் நெடுந்தொலைவு இருக்கிறது.

அமெரிக்க தேசியக் கண் ஆய்வு நிறுவனத்தில் ஆனந்த் ஸ்வரூப் குழு வேறு வழியில் சென்றது. சிஇபி290 குறைபாடுள்ள எலியின் ஆர்கனாய்டுகளைக் கொண்டு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சேர்மங்களைச் சோதித்தது. 2023இல் வெளியான முடிவில் முன்னணியில் நின்றது ரெசர்பின். நம் மருத்துவ மரபு நெடுங்காலமாக அறிந்த சர்ப்பகந்தியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இரத்தக் கொதிப்புக்குத் தரப்பட்ட அதே மருந்து. அது எப்படி ஒளியுணர் செல்களைக் காக்கிறது என்பதை ஜீன் செயல்பாட்டுத் தரவுகளின் பகுப்பாய்வு காட்டியது: செல்லுக்குள் புரதங்கள் தேங்கிச் சீர்கெடுவதை அது தணிக்கிறது.

ஆர்கனாய்டுக்கு எல்லைகளும் உண்டு. அதில் இரத்தநாளம் இல்லை. மூளைக்குச் செய்தி அனுப்பும் கேங்லியான் செல்கள் நீண்ட வளர்ப்பில் மடிந்துவிடுகின்றன. வளர்ந்த மனிதரின் மாக்குலாவும் அதில் உருவாவதில்லை. எனவே முதுமையில் வரும் மாக்குலச் சிதைவுக்கு ஆர்கனாய்டைவிட, குருத்தணுவிலிருந்து வளர்த்த நிறமிப் புறப்படலச் செல்களே (ஒளியுணர் செல்களைத் தாங்கும் படலம்) ஏற்றவை. 2014இல் கோபேயில் மசாயோ தகஹாஷி குழு எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணின் கண்ணில் அவருடைய சொந்தச் செல்லிலிருந்து வளர்த்த அத்தகைய படலத்தைப் பொருத்தியது. அடுத்த நோயாளிக்காக ஆயத்தமான செல்களின் மரபணுத்தொகுதியை வாசித்தபோது மாற்றங்கள் தென்பட்டன. ஆகவே அந்த அறுவைச் சிகிச்சை நடைபெறவில்லை. 2017இல் ஆய்வு மீண்டும் தொடங்கியபோது, திசுப்பொருத்தம் பார்த்துத் தேர்ந்த கொடையாளர் செல்கள் பயன்படுத்தப்பட்டன.