ஆயில் டப்பாவில் ஒரு குளிர்காலம்

திருவண்ணாமலையில் பைக் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் ஒரு எண் சொல்வார்கள்: 20டபிள்யூ-40. கடையில் கம்பெனி பேர் கூடச் சொல்ல வேண்டாம். "ட்வென்டி ஃபார்ட்டி ஒரு லிட்டர் குடுங்கண்ணா" என்றால் எடுத்து வைத்து விடுவார்கள். ஆனால் நடுவில் இருக்கும் அந்த டபிள்யூ என்ன? என் வகுப்பில் பாதிப் பேர் 'வெயிட்' என்றார்கள். ஒருவன் 'வாட்' என்றான் (மெக்கானிக்கல் மாணவன், என்ன செய்ய!). உண்மையில் அது 'விண்டர்', அதாவது குளிர்காலம். சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் கிரிவலப் பாதையில் கால் வைக்க முடியாத ஊரில், குளிர்காலத்துக்கான எழுத்து ஒவ்வொரு டப்பாவிலும் எப்படி வந்தது? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

மோட்டார் வருவதற்கு முன்பே உராய்வு இருந்தது நண்பர்களே. மாட்டுவண்டி அச்சுக்கு மை போடுவதைத் தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்துத் தடவுவார்கள். ஏன் விளக்கெண்ணெய்? மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள், கல் மாதிரி இருக்கும். அது 24, 25 டிகிரியிலேயே உறைய ஆரம்பிக்கிறது. விளக்கெண்ணெய் உறைவதில்லை. அதோடு சூட்டிலும் சட்டென்று தண்ணீராகி விடாமல் கொழகொழப்பைத் தக்க வைத்துக் கொள்கிறது. குளிரில் ஓட வேண்டும், சூட்டில் நிற்க வேண்டும். மோட்டார் ஆயிலின் மொத்தப் பிரச்னையும் இதுதான்.

லண்டனில் 1899-இல் ஆயில் கம்பெனி தொடங்கிய சார்லஸ் வேக்ஃபீல்டும் இங்கேதான் வந்து சேர்ந்தார். 1909-இல் தாவர எண்ணெய் கலந்த ஆயில் ஒன்றைக் கொண்டு வந்து, 'கேஸ்டர்' என்ற ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்தே 'காஸ்ட்ரால்' என்று பேர் வைத்தார். முதல் உலகப் போர் விமானங்களின் சுழல் எஞ்சின்களிலும் விளக்கெண்ணெய்தான் ஓடியது, ஏனென்றால் அது பெட்ரோலில் எளிதில் கரையாது. புகையோடு சேர்த்து அதைச் சுவாசித்த விமானிகளின் வயிறு என்ன பாடு பட்டிருக்கும் என்று நம் பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள் :-) ஆனால் விளக்கெண்ணெய் நாளாக நாளாகப் பிசின் போலப் படியும். அதனால் சாதாரண வண்டிகள் பூமியிலிருந்து எடுத்த கனிம எண்ணெயிலேயே நின்றன.

1911-இல் அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கம்) ஆயிலை அதன் தடிமனை வைத்துத் தரம் பிரித்தது. நம் லேபில் ரெட்வுட் மானியில் 50 மில்லி எண்ணெய் ஒழுக எத்தனை வினாடி என்று ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருப்போமே, அமெரிக்காவில் அதையே சேபோல்ட் மானியில் 60 மில்லிக்குச் செய்தார்கள். ஆனால் சூட்டில் அளந்த எண், பனியில் எஞ்சின் கிளம்புமா என்பதைச் சொல்லவில்லை. வெயிலுக்குக் கெட்டி ஆயில், குளிருக்கு இளக்கமான ஆயில் என்று வருடத்துக்கு இரண்டு தடவை மாற்ற வேண்டியிருந்தது. 1930களில்தான் குளிருக்கென்று தனியாக டபிள்யூ தரங்கள் வந்தன. 1929-இல் டீன், டேவிஸ் என்ற இருவர், சூடேறும்போது எந்த எண்ணெய் எவ்வளவு இளகுகிறது என்று ஒப்பிட ஒரு குறியீடு கொடுத்திருந்தார்கள். அதில் பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100 மார்க், வளைகுடாக் கரை எண்ணெய்க்கு பூஜ்யம்! பிறகு பாலிமர் சேர்த்து இந்த மார்க்கை ஏற்றக் கற்றுக் கொண்டார்கள். 1950களில் ஒரே டப்பாவில் இரண்டு எண் போட்ட மல்டிகிரேடு பரவியது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். "20டபிள்யூ-40 குளிரில் இளகும், சூட்டில் கெட்டியாகும்" என்று பலர் எழுதுகிறார்கள். எந்த எஞ்சின் ஆயிலும் சூட்டில் கெட்டியாகாது, இளகத்தான் செய்யும். 40 என்றால் 100 டிகிரியில் 12.5-க்குக் குறையாமல் 16.3 சென்டிஸ்டோக்குக்குள் இருக்கும். 30 என்றால் 9.3 முதல் 12.5 வரை. முன்னால் இருக்கும் 20டபிள்யூ-க்கு சோதனை மைனஸ் 15 டிகிரியில். 10டபிள்யூ-க்கு மைனஸ் 25. நம் ஊர் மார்கழி விடிகாலை 15 டிகிரிக்குக் கீழே போவதே அரிது. மைனஸ் 15 ஊட்டியில் கூடக் கிடையாது!

அப்படியானால் இந்தியா முழுக்க ஏன் 20டபிள்யூ-40? எனக்குத் தோன்றும் காரணங்கள் இரண்டு. ஒன்று வண்டிகள். 1955-இல் சென்னையில் புல்லட் தயாரிக்கத் தொடங்கினார்கள், பிறகு அம்பாசடர் வந்தது. இவை எல்லாம் இடைவெளி அதிகமுள்ள பழைய வடிவமைப்பு எஞ்சின்கள். கெட்டி ஆயில்தான் அவற்றுக்குப் பிடிக்கும். இன்னொன்று ஆயில். 1969-இல் உற்பத்தி தொடங்கிய மணலி சுத்திகரிப்பு ஆலை மசகெண்ணெய்க்கான அடிப்படை எண்ணெயும் தந்தது. இந்தியன் ஆயிலின் சர்வோ 1972-இல் வந்தது. சாதாரண அடிப்படை எண்ணெயில் 20டபிள்யூ-40 செய்ய பாலிமர் கொஞ்சம் போதும், விலையும் குறைவு. பைக்கில் கியர்களும் அதே ஆயிலில்தான் சுற்றுகின்றன. பாலிமர் அதிகம் இருந்தால் கியர் பற்கள் அதை நறுக்கி ஆயிலை இளக்கி விடும். ஆக அன்றைக்கு அது நியாயமான தேர்வு.

இடையில் ஒரு தலைமுறைக்கு இந்தக் கவலையே இல்லை. 1980-இல் வந்த டி.வி.எஸ். 50 டூ ஸ்ட்ரோக். பங்கிலேயே பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றுவார்கள், அதுவும் எரிந்து போய்விடும். 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்த பிறகுதான் வீட்டுக்கு வீடு ஃபோர் ஸ்ட்ரோக், ஆயில் மாற்றும் பழக்கம் எல்லாம். 2001-இல் ஆக்டிவா. புகை விதிகள் இறுக இறுக, 2020-இல் பி.எஸ். 6 வரை, எஞ்சின்களின் இடைவெளி சுருங்கியது. இப்போது நிறைய ஸ்கூட்டர், பைக் கையேடுகளில் 10டபிள்யூ-30 என்று அச்சாகியிருக்கிறது.

மெக்கானிக் ஷெட்டில் சண்டை இங்கேதான். "நம்ம ஊர் வெயிலுக்கு 30 தாங்குமா தம்பி? கெட்டியா ஊத்து" என்பார் அண்ணன். அவர் சொல்வது முழுக்கத் தப்பில்லை. பௌர்ணமி அன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதைக்குப் பக்கத்துத் தெருக்களில் முதல் கியரில் ஊர்ந்து பாருங்கள். காற்றில் குளிரும் எஞ்சினுக்குக் காற்றே கிடைக்காது, ஆயில் நன்றாகவே சூடேறும். பழைய புல்லட்டுக்கு அண்ணன் சொல்வதே சரி, 10டபிள்யூ-30 ஊற்றினால் சீல் வழியே கசியும், எரிந்தும் குறையும். ஆனால் 10டபிள்யூ-30-க்கென்றே செய்த ஸ்கூட்டரில் 20டபிள்யூ-40 ஊற்றினால் மைலேஜ் கொஞ்சம் அடி வாங்கும். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் மேலே கேம் ஷாஃப்டுக்கு ஆயில் ஏறவும் தாமதமாகும். தேய்மானம் அதிகம் நடப்பதே அந்த நேரத்தில்தான்.

எண்ணை விட முக்கியமான இன்னொரு விஷயம்: கியர் பைக்கில் கிளட்ச் ஆயிலிலேயே மூழ்கியிருப்பதால், சில கார் ஆயில்களை ஊற்றினால் வழுக்கும். டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' என்ற ஜப்பானியத் தரம் இருக்கிறதா பாருங்கள்.

பழைய கார் கையேடு கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். தெர்மாமீட்டர் மாதிரி ஒரு கோடு, அதன் மேல் ஒவ்வொரு ஆயிலுக்கும் ஒரு பட்டை இருக்கும். பூஜ்யத்துக்கு இடப்பக்கம் இருப்பதெல்லாம் கனடாக்காரருக்கு. நமக்கானது 15-லிருந்து வலது ஓரம் வரை உள்ள துண்டுதான். அந்தத் துண்டுக்குள் சித்திரைக்கும் மார்கழிக்கும் தனித்தனி ஆயில் எதுவும் போட்டிருக்காது.