எள்ளலும் அறமும்: இதழ்க் கருத்துப்படங்களின் வரலாறு

மெய்ப்பாடுகள் எட்டு எனக் கூறிய தொல்காப்பியர், அவற்றுள் நகையை முதலில் வைத்தார். அந்நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதலாவதாகச் சொன்னார். எள்ளி நகைப்பது மாந்தர் இயல்பு. ஆயினும், யாரை எள்ளுகிறோம், எதன்பொருட்டு எள்ளுகிறோம் என்பதைக் கொண்டே நகையின் தரம் அமைகிறது. இதழ்களில் வெளிவந்த கருத்துப்படங்களின் வரலாறு இவ்வுண்மையை நன்கு உணர்த்தும்.

கருத்துப்படத்தைக் குறிக்கும் 'கார்ட்டூன்' என்னும் சொல், தடித்த தாளைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லினின்று வந்தது. சுவரோவியம் தீட்டுமுன் ஓவியர் தாளில் வரைந்துகொள்ளும் முழு அளவு மாதிரியே முதலில் அப்பெயர் பெற்றது. 1843-இல், இலண்டன் நாடாளுமன்றப் புதுக் கட்டடத்தை அணிசெய்வதற்கான அத்தகைய மாதிரிகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1841-இல் தோன்றிய 'பஞ்ச்' இதழ் அதனை எள்ளியது. கந்தல் உடுத்த ஏழைகள் செல்வர்களின் ஓவியங்களைப் பார்த்து நிற்பதாக ஜான் லீச் வரைந்த படத்துக்கு, அவ்விதழ் 'கார்ட்டூன்' என்றே தலைப்பிட்டது. பசித்தோர்க்குச் சோறிடாது படம் காட்டும் அரசைச் சாடிய அப்படத்தினின்றே அச்சொல் இன்றைய பொருளைப் பெற்றது.

பஞ்சுக்கு வழிகாட்டியவை பிரெஞ்சு இதழ்கள். 1830-இல் 'லா கரிக்கத்தூர்' என்னும் இதழைத் தொடங்கிய பிலிப்போன், மன்னர் லூயி பிலிப்பின் முகம் படிப்படியாகப் பேரிக்காயாக மாறுவதை வரைந்து காட்டினார். மக்களின் வரிப்பணத்தை விழுங்கும் பூதமாக மன்னரைத் தீட்டிய தோமியே, 1832-இல் சிறை புகுந்தார். 1835-இல் அரசு சட்டம் இயற்றி, முன்அனுமதியின்றிப் படங்கள் வெளிவருவதைத் தடுத்தது. எழுத்தைக் காட்டிலும் படத்துக்கு அரசு அஞ்சியதன் காரணம் வெளிப்படை. எழுத்தைப் படிக்கக் கல்வி வேண்டும். படத்தைப் பார்க்கக் கண் போதும்.

அச்சுக் கலையின் வளர்ச்சியும் இக்கலைக்குத் துணைநின்றது. கல்லச்சில் பதித்த படங்களைப் பெரும்பாலும் தனித்தாளில் அச்சிட வேண்டியிருந்தது. மரக்கட்டையில் செதுக்கிய படமோ, அச்செழுத்துகளுக்கு ஒப்பான உயரம் உடையதாதலின், எழுத்தோடு சேர்த்து ஒரே முறையில் அச்சிட இயன்றது. வார இதழ்களில் படமும் செய்தியும் கைகோத்தது இவ்வாறே.

அமெரிக்காவில் தாமஸ் நாஸ்ட், 1871-இல் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழில் நியூயார்க் நகரின் ஊழல் தலைவர் டுவீட்டைத் தொடர்ந்து சாடினார். பின்னர் ஸ்பெயினுக்குத் தப்பியோடிய டுவீட், 1876-இல் நாஸ்டின் படத்தைக் கொண்டே அடையாளம் காணப்பட்டுப் பிடிபட்டார். ஆனால் அதே நாஸ்ட், வறுமையால் புலம்பெயர்ந்து வந்த ஐரிஷ் மக்களைக் குரங்கு முகத்தினராக வரைந்தார் என்பதையும் மறைத்தல் ஆகாது. வலியோரை எள்ளிய அதே கை, எளியோரையும் இழிவு செய்தது.

தமிழிதழ்களில் அரசியல் கருத்துப்படத்துக்கு முன்னோடியாக நின்றவர் பாரதியார். 1906-இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் அந்நிய ஆட்சியைச் சாடும் படங்கள் இடம்பெற்றன. அடக்குமுறையால் 1908-இல் அவ்விதழ் புதுச்சேரிக்குச் செல்ல நேர்ந்தது, 1910-இல் நின்றுபோயிற்று. நாடு விடுதலை பெற்ற பின்னும் இக்கலைக்கு இடர் நீங்கவில்லை. 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த நகைச்சுவைப் படத்துக்காக, அதன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எழுந்த எதிர்ப்பினால் அவர் சில நாள்களிலேயே விடுவிக்கப்பட்டார்.

நம் மலேசிய மண்ணில், 1978-இல் தோன்றிய 'கிலா-கிலா' இதழ் மலாய் நகைச்சுவைப் படங்களுக்குப் பெருவாழ்வு தந்தது. 1979-இல் 'கம்போங் பாய்' நூலை வெளியிட்ட லாட், பல இன மக்களும் தம்மைத் தாமே கண்டு சிரிக்கும்படி வரைந்தார். அவர் படத்தில் இடம்பெற்றவர் மனம் நோவதில்லை. அண்டை வீட்டாரோடு சேர்ந்து நகைக்கிறார்.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருமுறை, காலூன்றி நடக்க இயலாத மாணவன் ஒருவனை அவன் வகுப்புத் தோழன் படம் வரைந்து கேலி செய்திருந்தான். சிறுவர் விளையாட்டென்று நான் முறுவலித்து விட்டுவிட்டேன். சில நாள் கழித்து வேறொரு மாணவன், உடலினும் நீண்ட பிரம்போடு என்னையே வரைந்தான். அதை அவன் கண்முன் கிழித்தெறிந்தேன். அதன்பின் அவன் பள்ளிக்கு வரைதாள் கொண்டு வரவே இல்லை.

கிழிக்கத் தகாததைக் கிழித்தேன். கண்டிக்கத் தக்கதைக் கண்டியாது விட்டேன். இவ்வரலாற்றைக் கற்றபோதுதான் என் பிழை எனக்கு விளங்கிற்று. வலியோரை நோக்கி எழும் எள்ளலுக்குத் துணிவு வேண்டும். எளியோரை நோக்கி எழும் எள்ளலுக்கு அது வேண்டியதில்லை. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்துவதும் தமிழாசிரியர் கடமையே. அதற்கு முன், நம்மை வரைந்த படத்தைக் கண்டு நகைக்க நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.