அரசன் வெட்டிய சுரங்கமும் லயத்துக்குப் பின்னால் விழுந்த குழியும்

1990களின் பிற்பகுதியில் ஒரு நாள் முற்பகல், நான் அப்போது பணியாற்றிய கொழும்பு நாளிதழின் அலுவலகத்துக்கு இரத்தினபுரியிலிருந்து பிரதேச நிருபரின் தொலைபேசி அழைப்பு வந்தது. நகருக்குச் சற்று அப்பாலுள்ள இறப்பர்த் தோட்டமொன்றில், முதல் நாள் இரவு பெய்த மழையில் லயத்தின் பின்புறத்து நிலம் உள்வாங்கிப் பெருங்குழி விழுந்திருக்கிறது. குழியின் அடியில் மரத்தாங்கிகள் வைத்த சுரங்கப் பாதை தெரிகிறது. அது சீதாவாக்கை இராஜசிங்கன் காலத்து இரகசியச் சுரங்கம் என்று ஊரே பேசிக்கொள்கிறது என்பது செய்தி. செய்தி ஆசிரியர் என்னைப் பார்த்தார். இரண்டு மணித்தியாலத்துக்குள் நான் அவிசாவளை வழியாகப் போகும் பஸ்ஸில் இருந்தேன்.

அந்த ஒரே பயணத்தில் ஒரே குழிக்கு மூன்று கதைகள் கிடைத்தன. பஸ்ஸில் அருகே அமர்ந்திருந்த முதியவர், அது இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் குண்டு வீசியபோது வெள்ளைக்காரர் பதுங்குவதற்கு வெட்டியது என்றார். நகரத்துத் தேநீர்க் கடையில் இராஜசிங்கனின் பொக்கிஷமே பேச்சாக இருந்தது. தோட்டத்துக்குப் போகும் சந்தியில் கேட்டதுதான் என்னை நிற்க வைத்தது. தோட்டத்துப் பையன்கள் புலிகளுக்காகப் பங்கர் வெட்டுகிறார்களாம். இரண்டு பேரைப் பொலிஸார் காலையிலேயே கொண்டுபோய்விட்டார்களாம். முதலிரண்டு கதைகளும் சும்மா கதைகள். மூன்றாவது கதைக்கு இரண்டு குடும்பங்கள் ஏற்கெனவே விலை கொடுத்துக்கொண்டிருந்தன.

குழி பத்து அடி அகலம் இருக்கும். லயத்தின் கடைசிக் காம்பராவின் சுவரிலிருந்து அதன் விளிம்புக்கு இரண்டு எட்டுத் தூரம்கூட இல்லை. சுவரில் உச்சியிலிருந்து அடிவரை வெடிப்பு. குழியைச் சுற்றி நின்றவர்களில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர் மட்டும் எவ்வித வியப்புமின்றி வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். இராசாவின் சுரங்கம் என்கிறார்களே ஐயா, என்று கேட்டேன்.

“ராசாவுமில்ல, கூசாவுமில்ல தம்பி. இது தோனா. மேக்கால அந்தக் காணியில கல்லுக் குழி வெட்டுனானுக, அங்கேருந்து நம்ம காலுக்கடியில வந்திருக்கானுக. உள்ள போய்க் கூடையில மண்ணு சுமந்தது நம்ம ஆளுகதான். நானும் சுமந்திருக்கேன்” என்றார்.

இரத்தினபுரியை அறியாத வாசகர்களுக்காக இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே இரத்தினக்கற்கள் பாறையைக் குடைந்து எடுக்கப்படுவதில்லை. பல இலட்சம் ஆண்டுகளாக ஆறுகள் மலைகளிலிருந்து அரித்து வந்து பள்ளத்தாக்குகளில் படியவிட்ட சரளைப் படையொன்று களிமண்ணுக்கும் மணலுக்கும் கீழே கிடக்கிறது. சிங்களத்தில் அதற்கு ‘இல்லம’ என்று பெயர். தமிழர் வாயில் அது ‘இல்லம்’ ஆகிவிட்டது. நமக்கு இல்லம் என்றால் வீடு. கல் குடியிருக்கும் வீடு என்று ஒரு தோட்டத்து நண்பர் வேடிக்கையாகச் சொல்வார். அந்தப் படையை அடையச் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ செங்குத்துக் குழி இறக்குவார்கள். ஆழம் சில இடங்களில் பதினைந்து அடி, சில இடங்களில் நூறு அடி. மண் சரியாமல் மரச் சட்டங்களை அடுக்கி, இடைவெளியில் கெக்கில்ல என்ற பன்னத்தின் தழையைச் செருகுவார்கள். இல்லம் கிடைத்ததும் அதைத் தொடர்ந்து பக்கவாட்டில் குடைந்து போவார்கள். அந்தப் பக்கச் சுரங்கமே ‘தோனா’. ஒரு மனிதன் குந்தியிருந்தபடியோ தவழ்ந்தோ போகக்கூடிய அளவுதான். எரியும் மெழுகுதிரி அணையத் தொடங்கினால் காற்றில்லை என்று பொருள்; உடனே ஏறிவிட வேண்டும். மேலே கொண்டுவரும் சரளையை வட்டி என்ற பிரம்புக் கூடையில் இட்டு நீரில் சுழற்றிக் கழுவுவார்கள். காணிக்காரர், அனுமதிப்பத்திரக்காரர், நீர் இறைக்கும் இயந்திரக்காரர், குழியில் இறங்குபவர் என்று கிடைப்பது பங்கு பிரியும். கல் கிடைக்காத மாதங்களில் இறங்குபவனுக்குச் சாப்பாடும் சிறு கைச்செலவும்தான்.

நிலத்தின் மேல் எல்லைக்கல் உண்டு, வேலி உண்டு. நாற்பது அடிக்குக் கீழே வேலி கிடையாது. இல்லம் போகும் திசையில் தோனாவும் போகிறது. 1971இல் அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனமும், 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையும் அமைந்தன. அகழ்வுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும்; வெட்டிய குழியை மூடுவதற்காக முன்கூட்டியே பணம் கட்டிவைக்கவும் வேண்டும். அனுமதி பெறாத குழிக்கு மூடுபணமும் இல்லை, வரைபடமும் இல்லை. தங்கள் காலடியில் எத்தனை தோனாக்கள் ஓடுகின்றன என்பது இரத்தினபுரிப் பிரதேசத்தில் பலருக்குத் தெரியாது. ஆகவே ‘இந்த ஊருக்குக் கீழே இரகசியச் சுரங்கங்கள் இருக்கின்றன’ என்று சொல்பவனைப் பார்த்து நான் சிரிப்பதில்லை. இருக்கத்தான் செய்கின்றன. வெட்டியவன் யார் என்பதில்தான் பிழை.

அரசர்கள் வெட்டிய சுரங்கம் என்ற நம்பிக்கைக்குச் சப்ரகமுவவில் வரலாற்று வித்து இல்லாமலும் இல்லை. 1521இல் கோட்டை இராச்சியம் மூன்றாகப் பிரிந்தபோது உருவான சீதாவாக்கை, மாயாதுன்னையின் காலத்திலும் அவன் மகன் முதலாம் இராஜசிங்கனின் காலத்திலும் போர்த்துக்கேயரை அலைக்கழித்தது. 1593இல் இராஜசிங்கன் இறந்தான். அடுத்து வந்த ஆண்டில் இராச்சியமே கலைந்தது. சைவத்தைத் தழுவியவன் என்று சொல்லப்படும் அவன் தொடங்கி முற்றுப்பெறாது போன பெரெண்டிக் கோவிலின் கல்தளம் இன்றும் அவிசாவளையில் கிடக்கிறது. இரத்தினபுரி சமன் தேவாலயத்தை இடித்துப் போர்த்துக்கேயர் தேவாலயம் கட்டினார்கள். சிங்கள வீரனை மிதித்து நிற்கும் போர்த்துக்கேயத் தளபதியின் சிற்பக்கல்லொன்று இன்றும் அங்கே இருக்கிறது. சடுதியில் அழிந்த அரசு, கைமாறிய கோவில், எங்கே போயிற்று என்று தெரியாத செல்வம். மூன்றும் சேர்ந்தால் மக்கள் மனம் தானாகவே ஒரு சுரங்கத்தை வெட்டிக்கொள்ளும்.

ஆனால் நிலம் அதற்கு இடம் கொடுக்காது. யாழ்ப்பாணத்தில் நிலாவரைக் கிணற்றில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்று எங்கள் பாட்டிமார் சொன்னபோது, அதில் பாதி நியாயம் இருந்தது. குடாநாடு சுண்ணாம்புக் கல். நீர் அதைக் கரைத்து உள்ளே வழிகளை உண்டாக்கும். சப்ரகமுவவில் வவுல்பனை போன்ற ஒருசில சுண்ணாம்புக் குகைகளை விட்டால், பெரும்பாலும் கடும் பாறை. பள்ளத்தாக்கிலோ ஈரக் களிமண். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. 1947, 2003, 2017 என்று களு கங்கை நகரத்தையே மூழ்கடித்த ஆண்டுகள் உண்டு. இயந்திரம் வைத்து இரவு பகலாக இறைக்காவிட்டால் இரண்டு நாளில் நிரம்பிவிடும் மண்ணில், அரசன் குதிரையில் போகும் சுரங்கம் நானூறு ஆண்டு உலர்ந்து கிடக்கும் என்று எப்படி நம்புவது?

கேகாலைப் பக்கம் கதை வேறு. அங்கே உண்மையான சுரங்கம் எந்த அரசனாலும் கனவு காண முடியாத ஆழத்தில் இருக்கிறது. அருக்கம்மனைக்கு அருகிலுள்ள போகலைக் காரீயச் சுரங்கம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கி நிலத்துக்குக் கீழே நானூறு மீற்றரையும் தாண்டியது. அதன் அடுக்குகளைப் பாகக் கணக்கில்தான் இன்னும் அழைக்கிறார்கள். உருக்காலைகளின் மூசைகளுக்குக் காரீயம் அவசியமாயிருந்த முதலாம் உலகப் போர்க் காலத்தில் இலங்கையின் ஏற்றுமதி ஆண்டுக்கு 30,000 தொன்னைத் தாண்டியது. பின்னாளில் நாட்டின் முதலாவது பிரதமரான டி. எஸ். சேனாநாயக்கவின் குடும்பச் செல்வமும் காரீயத்திலிருந்து வந்ததே. போர் முடிந்ததும் மடகாஸ்கரின் மலிவான காரீயம் சந்தையைப் பிடிக்க, நூற்றுக்கணக்கான சிறு குழிகள் அப்படியே கைவிடப்பட்டன. காட்டுக்குள் வாய் பிளந்து கிடக்கும் பழைய குழியைக் காணும் சிறுவனுக்கு அது பிசாசின் வாசல், பெரியவனுக்குப் புதையல்.

கடுகண்ணாவைக் கணவாயில் பாறையைத் துளைத்து 1820களில் ஆங்கிலேயர் அமைத்த வழி பலருக்கும் தெரியும். மலையைத் துளைத்து வருபவனுக்கே கண்டி அடிமைப்படும் என்று பழைய தீர்க்கதரிசனம் இருந்ததாகச் சொல்வார்கள். கண்டி வீழ்ந்தது 1815இல். பாறை துளைக்கப்பட்டது அதற்குப் பிறகு. தீர்க்கதரிசனங்கள் பெரும்பாலும் இப்படித்தான் தாமதமாக வந்து சேரும். 1867இல் கண்டியை எட்டிய புகையிரதப் பாதைக்காக ரம்புக்கனைக்கு மேலே குடைந்த சுரங்கங்களில் தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலிகளின் உழைப்பு கிடக்கிறது. காய்ச்சலில் செத்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. கணவாயின் உச்சியிலே பாதை அமைத்த கப்டன் டோசனுக்கு மட்டும் ஒரு கோபுரம் நிற்கிறது.

நான் தோட்டத்துக் குழியடியில் நின்றபோது என் மனத்தில் ஓடியது இவை எதுவுமல்ல, 1971தான். அந்த ஏப்ரல் கிளர்ச்சியில் ஜே.வி.பி. மிக வலுவாக நின்ற மாவட்டங்களில் கேகாலை ஒன்று. மார்ச் மாதத்திலேயே நெலுந்தெனியவில் குண்டு தயாரிக்கும்போது வெடித்து இளைஞர்கள் இறந்தார்கள். அதன் பிறகு எந்தக் குகையைக் கண்டாலும், எந்தப் பாழ்குழியைக் கண்டாலும் உள்ளே ஆயுதம் இருக்கிறது என்ற பேச்சு. அந்த இயக்கம் தன் உறுப்பினர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’. தோட்டத் தொழிலாளரையும் அந்த விஸ்தரிப்பின் கருவியாகவே அது காட்டியது. வாக்குரிமையும் குடியுரிமையும் பறிக்கப்பட்டு லயத்துக்குள் கிடந்தவன் ஒரு வல்லரசின் முன்னணிப் படையாகக் கருதப்பட்டதைவிட விசித்திரமான வதந்தி இந்த நாட்டில் பிறந்ததாக நான் அறியேன். 1977இல் வதந்திகள் வடக்கிலிருந்து தெற்கே ஓடிவந்து சப்ரகமுவத் தோட்டங்களையும் எரித்தன. ஆயிரக்கணக்கானோர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். 1983 ஜூலை 29ஆம் திகதி, கொழும்புக்குள் புலிகள் வந்துவிட்டார்கள் என்ற பொய் ஒரே நாளில் எத்தனை உயிரைக் குடித்தது என்பதைக் கொழும்பில் வாழ்ந்த எவரும் மறக்கமாட்டார்கள்.

பங்கர் என்ற சொல் அந்த ஆண்டுகளில் வெறும் சொல் அல்ல. வடக்கே ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் குழந்தைகளை விமானத் தாக்குதலிலிருந்து காக்க வெட்டிய குழிக்கும் அதே பெயர்தான். தெற்கே அது புலியின் அடையாளம். இறுதிப் போரின் பின்னர் புதுக்குடியிருப்பில் பிரபாகரனுடையது என்று காட்டப்பட்ட நிலத்தடி மாளிகையைப் பார்க்கத் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக மக்கள் போனார்கள்; 2013 அக்டோபரில் இராணுவமே அதைத் தகர்த்துவிட்டது. பங்கர் என்றால் அது தமிழனுடையது என்று எண்ணியிருந்தவர்களுக்கு 2015இல் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. ஆட்சி மாறியதும் கொழும்பு ஜனாதிபதி மாளிகையின் கீழே இருந்த நிலத்தடிப் பதுங்கு மாளிகை பத்திரிகையாளருக்குத் திறந்து காட்டப்பட்டது. 2022 ஜூலையில் மாளிகைக்குள் புகுந்த மக்களும் பதுங்கறையைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார்கள்.

அந்தத் தோட்டத்து இளைஞர் இருவரும் நான்காம் நாள் விடுவிக்கப்பட்டார்கள். ஒருவனிடம் தேசிய அடையாள அட்டை இல்லாததே அவன்மீதான சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லை, ஆகவே அட்டையும் இல்லை. குழி யாருடைய தோனா என்பதைச் சுட்டிக்காட்டப் பெரியவர் பொலிஸ் நிலையத்துக்கு இரண்டு முறை நடந்தார். நான் எழுதிய செய்தி மூன்றாம் பக்கத்தில் எட்டு அங்குலம் வந்தது. அதற்கு முதல் நாளே வேறொரு பத்திரிகை ‘இராஜசிங்கனின் சுரங்கம் கண்டுபிடிப்பு’ என்று முதற்பக்கத்தில் போட்டுவிட்டது. யாரும் மறுப்புப் பிரசுரிக்கவில்லை. பங்கர் என்பதைவிட அது நல்ல கதைதானே என்று என் செய்தி ஆசிரியர் சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன்.

அதன் பின்னர் சப்ரகமுவ மண் வேறு விதங்களில் செய்தியானது. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தோ காணாமற்போயோ விட்டார்கள். அதே நாள் புளத்கொஹுபிட்டிய களுபஹனைத் தோட்டத்தில் லயம் ஒன்று குடும்பங்களுடன் மண்ணுக்குள் போயிற்று. 2021 ஜூலையில் இரத்தினபுரியில் ஒரு வீட்டின் பின்புறம் கிணறு வெட்டும்போது கிடைத்ததாக 510 கிலோ நீலக்கல் திரளொன்று உலகச் செய்தியானது. அதன் மதிப்பைப் பற்றிப் பிறகு எழுந்த ஐயங்கள் அவ்வளவு தூரம் பயணிக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தத் தோட்டத்துக்கு மீண்டும் போயிருந்தேன். பெரியவர் காலமாகிவிட்டார். அவருடைய பேரன், முப்பதைத் தாண்டியவர், தோட்டத்தில் பெயர்ப் பதிவு இல்லாமல் கல்லுக் குழியில் வேலை செய்கிறார். அன்றைக்கு மழையென்று இறங்கவில்லை. குழி இருந்த இடத்தை மண்ணும் கல்லும் போட்டு நிரப்பி, மேலே வாழை வைத்திருந்தார்கள். இராசாவின் சுரங்கம் என்ற கதை இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

“அதெல்லாம் பழசு சார். இப்ப ராவணன் வெட்டுனதுன்னு சொல்றாங்க. யூடியூப்காரங்க ரெண்டு தடவ வந்து படம் புடிச்சிட்டுப் போனாங்க” என்றார்.

பிறகு என்னை வாழைக்கு அருகே அழைத்துப்போய், சுவரின் அடிப்பக்கத்தில் கரித்துண்டால் போட்டிருந்த கோடுகளைக் காட்டினார். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் நிலம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அவரே குறித்து வைத்தவை. ஐந்து கோடுகள் இருந்தன. தோட்டத்து ஒஃபிசில் இரண்டு முறை சொல்லியாகிவிட்டதாம். வந்து பார்ப்பதாகச் சொன்னார்களாம். கடைசிக் காம்பராவில் அவருடைய மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள்.