வெறியைத் தணித்த வேர்

பீகார்ப் பகுதியில் 'பாகல் கீ தவா' என்னும் பெயரால் ஒரு வேர் நெடுங்காலமாக விற்கப்பட்டு வந்தது. 'பைத்தியத்துக்கு மருந்து' என்று நாம் அதனைத் தமிழாக்கினால் பொருள் பிழையன்று. ஆயினும், கட்டுக்கடங்காத நோயாளியைக் கயிற்றால் பிணித்து வைத்த வீட்டார் அச்சொல்லில் கண்ட ஆறுதல் மொழிபெயர்ப்பில் வருவதில்லை.

அவ்வேரே சர்ப்பகந்தா. வெறிகொண்டு சீறும் மனநோயாளரும் இதன் பொடியால் அமைதியுறுகின்றனர், உயர்ந்த இரத்த அழுத்தமும் இறங்குகிறது என்று கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய மருத்துவர் இருவர் 1931-இல் எழுதினர். மேல்நாட்டார் அப்போது செவிசாய்த்தாரில்லை. 1952-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இவ்வேரினின்று ரிசர்ப்பின் என்னும் சத்து பிரித்தெடுக்கப்பட்ட பின்னரே அதன் புகழ் பரவிற்று.

அம்மருந்தை மிகுதியாக உண்டவருள் சிலருக்குச் சீற்றம் தணிந்தது. உடன் கையும் நடுங்கிற்று, முகம் சிலைபோல் இறுகிற்று. பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதத்தின் சாயலே அது! அமைதிக்கும் நடுக்கத்துக்கும் என்ன உறவு? 1957-இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன், ரிசர்ப்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோப்பா என்னும் பொருளைச் செலுத்தினார். அவை சற்று நேரத்தில் எழுந்து நடமாடின. டோப்பா உடலில் டோப்பமீன் என்னும் இரசாயனமாக மாறுவது. மூன்றாண்டு கழித்து வியன்னாவில் எரிங்கரும் ஹார்னிகீவிச்சும், நடுக்குவாதத்தால் இறந்தோர் மூளையில் டோப்பமீன் வெகுவாகக் குன்றியிருப்பதைக் கண்டனர்.

அடுத்த நிகழ்ச்சியே நம்மைத் திகைக்க வைப்பது. முதல் உலகப் போர்க் காலத்தில் பரவத் தொடங்கிய உறக்கநோய் மூளைக்காய்ச்சலுக்குத் தப்பிப் பிழைத்து, பல்லாண்டு உறைந்து கிடந்த முதியோர்க்கு, நியூயார்க்கில் ஆலிவர் சாக்ஸ் என்னும் மருத்துவர் 1969-இல் டோப்பாவை அளித்தார். பேசாதிருந்தவர் பேசினர், நடவாதவர் நடந்தனர். நாளடைவில் அவருட் சிலர் கடுங்கிளர்ச்சிக்கும் சினத்துக்கும் ஆளாயினர். மருந்தைக் குறைத்தாலோ மீண்டும் உறைந்தனர்.

இவ்வளவையும் கொண்டு, சினம் டோப்பமீனில் குடியிருக்கிறது என்று நாம் சொல்லிவிடலாகாது. ரிசர்ப்பின் செரோட்டோனின் என்னும் வேறொரு பொருளையும் மூளையில் வற்றச் செய்வது 1955-இலேயே அமெரிக்காவில் அறியப்பட்டது. இயல்பில் சாந்தமான தந்தை நோயுற்றபின் கையோங்கும்போது, அதனை அவரது குணக்கேடென்று கொள்ளும் வீட்டார் இன்றும் உளர். அவர்கள் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது, நோயையும் உண்ணும் மருந்தின் அளவையும் பற்றியே என்பது நம் கருத்து.

சர்ப்பகந்தா மனநோய் மருத்துவத்தினின்று பெரும்பாலும் விலகிவிட்டது. 1950-களில் வந்த குளோர்புரோமசினும் அதன் வழிவந்த மருந்துகளும் அவ்விடத்தைப் பெற்றன. அவற்றை உண்பவர்க்கும் கை நடுங்குவதுண்டு.