வாலை இழந்த எலி: ஒரு மௌஸ் வாங்கும் முன் வாசிக்க ஒரு வரலாறு



போன கிழமை பாடசாலை விட்டு வெளியே வரும்போது கேற்றடியில் ஒரு வாப்பா நின்றுகொண்டிருந்தார். தையல் வேலை செய்பவர். கையில் ஃபோன், அதில் ஒரு வயர்லெஸ் மௌஸ் பெட்டியின் படம்.

"சேர், மகன் இதத்தான் வேணும் எண்டு நிக்கிறான். படிக்கவும் வேணுமாம், கொஞ்சம் கேம் அடிக்கவும் வேணுமாம். 26,000 டிபிஐ எண்டு போட்டிருக்கு. நல்ல சாமானா? காசத் தண்ணியில போடுற வேலையா?"

விலையைப் பார்த்தோம். அவருடைய ஒரு கிழமை உழைப்பு. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய பிறகு கணினிச் சாமான் எதையும் யோசிக்காமல் வாங்கக்கூடிய நிலையில் எமது ஊரில் அநேகர் இல்லை. கேற்றடியில் நின்று இரண்டு வசனத்தில் பதில் சொல்ல எமக்கு மனம் வரவில்லை. "சனிக்கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு வாங்க, கடைக்குப் போய்ப் பார்ப்போம்" என்று அனுப்பினோம்.

அன்று சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். மௌஸ் பெட்டியில் அச்சடித்திருக்கும் ஒவ்வொரு இலக்கத்துக்கும் பின்னால் ஒரு காலத்தில் ஒரு தொல்லை இருந்தது. அந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் அந்த இலக்கம் பிறந்தது. அது எந்தத் தொல்லை என்று தெரிந்தால், அது எமது வீட்டிலும் இருக்கிறதா என்று நாமே முடிவெடுக்கலாம்.

மரக்கட்டையில் தொடங்கியது

டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற அமெரிக்கர் உலகப் போர்க் காலத்தில் கடற்படையில் ராடார் வேலை பழகியவர். ராடார் திரையில் புள்ளிகளைக் காட்ட முடியுமென்றால், கணினியும் திரையில் எழுத்தையும் படத்தையும் காட்டி மனிதனோடு வேலை செய்யலாமே என்பது அவருடைய எண்ணம். திரையில் உள்ள ஒன்றைக் கையால் சுட்டிக்காட்ட ஏதாவது வேண்டுமே, அது என்ன என்பதுதான் கேள்வி.

கலிபோர்னியாவில் ஸ்டான்போர்ட் ஆய்வு நிறுவனத்தில் அவருடன் வேலை செய்த பில் இங்கிலிஷ் 1964இல் முதல் மௌஸைச் செய்து கொடுத்தார். ஒரு சின்ன மரப்பெட்டி, மேலே ஒரேயொரு பொத்தான், அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சில்லுகள். ஒரு சில்லு இடம் வலம் அளக்கும், மற்றது மேல் கீழ் அளக்கும். பின்னால் வால் போல ஒரு வயர். எலி என்ற பெயரை முதலில் வைத்தது யார் என்று அவர்களுக்கே ஞாபகம் இருக்கவில்லை.

எம்மை அதிகம் கவர்ந்தது அதற்குப் பிறகு அவர்கள் செய்த வேலை. தங்கள் கண்டுபிடிப்புத்தான் சிறந்தது என்று அறிவித்துவிட்டு அவர்கள் உட்காரவில்லை. நாசாவின் பண உதவியோடு ஒளிப்பேனா, ஜோய்ஸ்டிக், மேசைக்கு அடியில் முழங்காலால் இயக்கும் ஒரு கருவி, மௌஸ் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஆட்களைக் கூப்பிட்டுப் பாவிக்கச் சொல்லி, எடுத்த நேரத்தையும் விட்ட பிழைகளையும் அளந்தார்கள். பழகிய கைகளுக்கு மௌஸ் முந்தியது. இந்தப் பரீட்சையைப் பிறகு கடைக்குப் போகும்போது நாமும் வைப்போம்.

1968 டிசெம்பர் 9ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் ஏறக்குறைய ஆயிரம் பேர் முன்னிலையில் எங்கல்பார்ட் இதை 90 நிமிடம் இயக்கிக் காட்டினார். 1970இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அது நிறுவனத்தின் பெயரில் இருந்ததால், உலகம் முழுவதும் பரவிய அந்தச் சாமானுக்கு அவர் கையில் ஒரு சதமும் ரோயல்டி வந்து சேரவில்லை. 2013இல் காலமானார்.

உருண்டையும் அழுக்கும்

சில்லு வைத்த மௌஸில் ஒரு தொல்லை. சரிவாக இழுத்தால் சில்லுகள் சறுக்கும். அதற்கு மருந்தாக வந்ததுதான் உருண்டை. ஜெர்மனியின் டெலிஃபுங்கன் கம்பனி, எங்கல்பார்ட் மேடையேறுவதற்குச் சில கிழமைகளுக்கு முன்னரே உருண்டை வைத்த ஒரு கருவியை அறிவித்திருந்தது. 1971இல் ஜெரொக்ஸ் கம்பனியின் பார்க் ஆய்வுகூடத்துக்குப் போன பில் இங்கிலிஷும் அங்கே உருண்டை மௌஸ் செய்தார். 1973இல் வந்த ஆல்ட்டோ கணினி மௌஸோடுதான் வந்தது.

ஜெரொக்ஸ் மௌஸின் விலையோ நூற்றுக்கணக்கான டொலர். ஆய்வுகூடத்தைப் போய்ப் பார்த்த ஸ்டீவ் ஜொப்ஸ், டீன் ஹோவி என்ற வடிவமைப்பாளரிடம் வந்து, பதினைந்து டொலர் அளவில் செய்யவேண்டும், இரண்டு வருடமாவது பழுதாகக் கூடாது, ஃபோர்மைக்கா மேசையிலும் தனது ஜீன்ஸ் துணியிலும் ஓடவேண்டும் என்று கேட்டதாக ஹோவி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். விலை, ஆயுள், வைக்கும் இடம் ஆகிய மூன்றும் அதில் அடங்கிவிட்டன. 1983இல் லிசா, 1984இல் மெக்கின்டொஷ் என்று அப்பிள் கணினிகள் ஒற்றைப் பொத்தான் மௌஸோடு வீடுகளுக்கு வந்தன.

உருண்டை மௌஸ் எமது வயதுக்காரர்களுக்கு நல்ல ஞாபகம் இருக்கும். பாடசாலைக் கணினி கூடத்தில் அம்புக்குறி ஓடாமல் அடம்பிடித்தால், கீழ் மூடியைத் திருகி, உருண்டையை எடுத்து, உள்ளே இருக்கும் சின்ன உருளைகளில் அப்பியிருக்கும் அழுக்கை நகத்தால் சுரண்டுவோம். உருண்டையைக் கழற்றி விளையாடக் கொண்டுபோன நண்பர்களும் உண்டு. இப்போது பிள்ளைகளின் பெற்றோராக இதை வாசித்துச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள்.

அந்தத் தொல்லைக்கு 1999இல் முடிவு வந்தது. அந்த வருடம் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட இன்டெலிமௌஸ் எக்ஸ்ப்ளோரரில் உருண்டை இல்லை. அடியில் ஒரு சிவப்பு வெளிச்சம், ஒரு நுண்ணிய கமரா. மேசையின் மேற்பரப்பைச் செக்கனுக்கு 1,500 தடவை படம் பிடித்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்து, கை எவ்வளவு நகர்ந்தது என்று கணக்குப் போட்டது. இன்றைய மௌஸ்களும் இதே வழியில்தான் வேலை செய்கின்றன. அதனால்தான் கண்ணாடி மேசையிலும் பளபளக்கும் மேசையிலும் பல மௌஸ்கள் தடுமாறுகின்றன. படம் பிடிக்க அங்கே புள்ளியோ கீறலோ கிடைப்பதில்லை. அடியில் ஒரு கொப்பி மட்டையை வைத்தால் போதும், புது மௌஸ் தேவையில்லை.

வால் அறுந்தது

வயர் இல்லாத மௌஸ் நேற்று வந்ததல்ல. சுவிட்சர்லாந்தில் 1981இல் தொடங்கிய லொஜிடெக் கம்பனி 1984லேயே அகச்சிவப்புக் கதிரில் இயங்கும் ஒன்றைச் செய்தது. டீவி ரிமோட் மாதிரி, நடுவில் ஒரு கோப்பை இருந்தாலும் நின்றுவிடும். 1991இல் அதே கம்பனி வானொலி அலைக்கு மாறியது. அதற்குப் பின் பல வருடம் பாவனையில் இருந்த 27 மெகாஹேர்ட்ஸ் அலையில் தூரமும் குறைவு, அருகருகே இரண்டு மௌஸ் இருந்தால் குழப்பமும் வரும். இன்று கடையில் இருப்பவை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் பேசுகின்றன. சிலது யூஎஸ்பியில் செருகும் சின்ன ரிசீவரோடு வரும். சிலது புளூடூத். சிலதில் இரண்டும் உண்டு.

இங்கே எமது தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். ஒரு தடவை கணினி கூடத்துக்கு ஒரே மாதிரி வயர்லெஸ் மௌஸ் பத்து வாங்கிவந்து, ஒரே நேரத்தில் எல்லாப் பெட்டிகளையும் பிரித்தோம். ரிசீவர்கள் கலந்துபோயின. ஒரு பிள்ளை மௌஸை அசைக்க, மூன்றாவது மேசைப் பிள்ளையின் திரையில் அம்பு ஓடியது. வகுப்பு முழுக்கச் சிரிப்பு, அன்றைய பாடம் போனது. ஒவ்வொரு ரிசீவரும் தன் சொந்த மௌஸோடு மட்டுமே பேசும். இரண்டு மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மௌஸிலும் ரிசீவரிலும் ஒரே நிறத்தில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வையுங்கள். யூஎஸ்பி 3 இணைப்பும், அதில் செருகிய வெளி ஹாட் டிஸ்க்கும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைக்கு இடைஞ்சல் கொடுக்கும். மௌஸ் விட்டு விட்டு ஓடினால் ரிசீவரை அதற்குத் தூரமான துளைக்கு மாற்றிப் பாருங்கள்.

கேம் கேட்ட வேகம்

1990களின் தொடக்கத்தில் விண்டோஸோடு வந்த சொலிடெயரும் மைன்ஸ்வீப்பரும் கோடிக்கணக்கானோரின் கைக்கு இழுத்து விடவும், இடது வலது பொத்தான்களைப் பிரித்து அழுத்தவும் பயிற்சி கொடுத்தன. 1996இல் குவேக் வந்தது. மேலும் கீழும் திரும்பிப் பார்த்துச் சுடும் கேம். கீபோர்டால் மட்டும் ஆடியவர்கள் மௌஸ் பிடித்தவர்களிடம் தோற்றார்கள். 1997இல் டெனிஸ் ஃபொங் என்ற இளைஞர் குவேக் போட்டியொன்றில் வென்று, அதை உருவாக்கிய ஜோன் கார்மக்கின் ஃபெராரிக் காரையே பரிசாகக் கொண்டுபோனார். 1999இல் ரேசரின் பூம்ஸ்லாங் வந்தது. கேமுக்கென்றே விற்ற மௌஸ்களில் முன்னோடி அது.

ஆனால் கேம் ஆடுபவர்கள் நீண்டகாலம் வயரை விடவில்லை. காரணம் தாமதம். சாதாரண மௌஸ் செக்கனுக்கு 125 தடவை கணினிக்குத் தகவல் சொல்லும், அதாவது 8 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை. கேம் மௌஸ் 1,000 தடவை சொல்லும், 1 மில்லிசெக்கனுக்கு ஒன்று. வயரில்லாமலும் அந்த வேகத்தை நம்பகமாகத் தரும் மௌஸ்கள் பரவலானது 2016க்குப் பிறகுதான்.

இது எமது வீட்டுக்கு எவ்வளவு தேவை? வீடுகளில் உள்ள அநேக லெப்டொப் திரைகள் செக்கனுக்கு 60 தடவை மாறும். ஒரு தடவைக்கு ஏறத்தாழ 17 மில்லிசெக்கன். கிரிக்கெட், கார் ஓட்டம், புதிர் விளையாட்டு ஆடுபவருக்கு 8 மில்லிசெக்கன் தாராளம். சுடும் கேம் ஆடும் பிள்ளைக்கு 1,000 உள்ளது கையில் இன்னும் இலகுவாக இருக்கும். அப்படியென்றால் ரிசீவர் உள்ளதையே வாங்குங்கள். புளூடூத் பாடக்குறிப்பு அடிக்கப் போதும், வேக விளையாட்டுக்குச் சற்று மந்தம்.

26,000 என்றால் என்ன?

டிபிஐ என்பது மௌஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அது எத்தனை படி எண்ணும் என்பது. எமது சாதாரண திரையின் அகலம் 1,920 புள்ளி. மௌஸ் 1,600இல் இருந்தால் கையை 3 சென்ரிமீற்றர் நகர்த்த அம்பு திரையின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய்விடும். 26,000இல் இருந்தால்? 2 மில்லிமீற்றர் கூட வேண்டாம். கை நடுங்கினாலே அம்பு திரைக்கு வெளியே போகும். அதில் யாரும் எழுதவும் முடியாது, விளையாடவும் முடியாது. நல்ல ஆட்டக்காரர்கள் பலர் 400க்கும் 1,600க்கும் இடையில்தான் வைத்துக்கொள்கிறார்கள். அந்த இலக்கம் கையை விடப் பெட்டியைத்தான் அழகுபடுத்துகிறது.

சனிக்கிழமை அந்த வாப்பாவும் மகனும் வந்தார்கள். கடைக்காரரிடம் கேட்டு மூன்று மௌஸ்களைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். "மகன், கண்ண மூடிக்கொண்டு ஒவ்வொண்டாப் புடிச்சிப் பாருங்க" என்றோம். அவன் கேட்டுநின்ற பெரிய மௌஸில் பக்கப் பொத்தான்களுக்கு அவன் பெருவிரல் எட்டவில்லை. மூன்றிலும் இருபது தடவை கிளிக் பண்ணினான். ஒரு மௌஸ் ஒரு அழுத்தலுக்கு இரண்டு கிளிக் கொடுத்தது, அது கழிந்தது. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான், கடை மேசையிலும் ஒரு தாளின் மேலும் ஓட்டிப் பார்த்தான்.

கடைசியில் அவனே எடுத்தது வெளிச்சம் மின்னாத, ஒரு ஏஏ பெட்டரி போடும், ரிசீவரோடு 1,000 தடவை தகவல் சொல்லும் நடுத்தர மௌஸ். படத்தில் இருந்ததன் அரை விலையும் இல்லை. முதலில் முகம் கொஞ்சம் வாடியது உண்மை. கூட்டாளிமாருக்குக் காட்ட வெளிச்சம் இல்லையே! மீதிக் காசில் சார்ஜ் பண்ணும் பெட்டரி இரண்டும் சார்ஜரும் வாங்கலாம் என்று வாப்பா சொன்னதும் முகம் தெளிந்தது. வொரண்டி அட்டையில் திகதியும் முத்திரையும் போட்டு வாங்கினோம்.

இன்னுமொன்று. உங்கள் பிள்ளை இடதுகைப் பழக்கமா? வலதுகைக்கென்று வளைத்துச் செய்த கேம் மௌஸை வாங்கிக் கொடுக்காதீர்கள். இருபக்கமும் ஒரே மாதிரியானதை எடுத்து, கணினி செட்டிங்ஸில் பொத்தான்களை மாற்றிக்கொடுங்கள். எமது வகுப்பில் ஒரு மாணவி இரண்டு வருடமாக வலதுகையால் கஷ்டப்பட்டாள். மாற்ற முடியும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எமக்கும் அதைக் கவனிக்க அவ்வளவு காலம் எடுத்தது.

கடைக்குப் போகமுன் கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள். பிள்ளை என்ன கேம் ஆடுகிறார், மேசை எப்படி, கை எந்தக் கை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எமக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.