பிரின்ஸ்2

பிரின்ஸ்2 என்பது திட்டங்களை ஒழுங்குடன் தொடங்கி, நடத்தி, முடிப்பதற்கு வகுக்கப்பட்ட ஒரு திட்ட மேலாண்மை முறை ஆகும். பிரித்தானிய அரசின் தகவல் தொழில்நுட்பத் திட்டங்களை முன்னிட்டு உருவான இது, பின்னர் பிற துறைகளுக்கும் ஏற்றவாறு பொதுமைப்படுத்தப்பட்டது. பணியைத் தொடர்வதற்கான நியாயம் திட்டக் காலம் முழுவதும் நிலைத்திருக்க வேண்டும் என்பதே இதன் முதன்மையான கொள்கை.

வரலாறு

1975இல் சிம்பாக்ட் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கிய பிராம்ப்ட் முறையே இதன் மூலமாகும். அதனை அடிப்படையாகக் கொண்டு பிரித்தானிய அரசின் கணினி, தொலைத்தொடர்பு முகமை 1989இல் பிரின்ஸ் முறையை வெளியிட்டது. 1996இல் எல்லாத் துறைகளுக்கும் பொதுவான பிரின்ஸ்2 வெளிவந்தது. 2009, 2017 ஆகிய ஆண்டுகளில் இது திருத்தப்பட்டது. 2023இல் ஏழாம் பதிப்பு வெளியானது.

பொறுப்புகள்

திட்டத்தின் மீதான முடிவுகளைத் திட்ட வாரியம் எடுக்கிறது. இதில் மூன்று தரப்பினர் இடம்பெறுவர்:

* பணம் செலவிடுவோரின் சார்பில் திட்டத்திற்கு இறுதிப் பொறுப்பேற்பவர்
* விளைபொருளைப் பயன்படுத்தப் போவோரின் சார்பாளர்
* அதனை உருவாக்கித் தருவோரின் சார்பாளர்

அன்றாடப் பணிகளை வாரியத்தின் சார்பில் திட்ட மேலாளர் நடத்துகிறார்.

செயற்படும் விதம்

திட்டம் பல கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு கட்டம் முடியும்போது, எதிர்பார்த்த பயன் இன்னும் கிடைக்குமா, செலவு அதற்குத் தகுமா என்று வாரியம் ஆராய்கிறது. தகாது எனில், அதுவரை எவ்வளவு செலவாகியிருந்தாலும் திட்டத்தை நிறுத்திவிடலாம். செலவழித்த பணத்தை எண்ணியே பயனற்ற பணியைத் தொடரும் போக்கை இது தடுக்கிறது.

ஒவ்வொரு கட்டத்திற்கும் காலம், செலவு முதலியவற்றில் விலகல் எல்லை வகுக்கப்படும். எடுத்துக்காட்டாக, 10 வாரப் பணிக்கு 1 வாரம் கூடுதலாக அனுமதிக்கப்பட்டால், அந்த எல்லைக்குள் மேலாளரே முடிவெடுக்கலாம். 11 வாரங்களைக் கடக்கும் என்று தெரிந்தவுடன் அவர் வாரியத்திற்கு அறிவிக்க வேண்டும். இதனால் வாரியம் அடிக்கடி கூட வேண்டிய தேவை குறைகிறது.

விமர்சனங்கள்

இம்முறை மிகுதியான ஆவணங்களை வேண்டுகிறது என்பது பரவலான குறைகூறல் ஆகும். எனினும், திட்டத்தின் அளவுக்கும் தன்மைக்கும் ஏற்ப முறையைத் தகவமைத்துக் கொள்ள வேண்டும் என்பதும் இதன் கொள்கைகளுள் ஒன்றாகும். மென்பொருளை எவ்வாறு எழுதுவது என்பதை பிரின்ஸ்2 கூறுவதில்லை. எனவே இதனைச் சுறுசுறுப்பு மென்பொருள் உருவாக்க முறைகளுடன் இணைத்தும் பயன்படுத்தலாம். இதற்கென பிரின்ஸ்2 அஜைல் என்ற வழிகாட்டி 2015இல் வெளியிடப்பட்டது.